இந்த சிஸ்டம் காஸலா இல்லையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சில வருடங்களாக ஜூனியர்களுக்கு சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ் பாடம் சொல்லித் தருகிறேன். செமஸ்டர் மாறுகிறது, ஆட்கள் மாறுகிறார்கள், காஸல், அதாவது காரணத்துக்கு முன் விளைவு வராது என்ற குணம், பற்றிய சந்தேகங்கள் மட்டும் அப்படியே வருகின்றன. தனித்தனியாகப் பதில் எழுதுவதைவிட ஒரே இடத்தில் சேர்த்து வைத்தால் எல்லோருக்கும் உதவும் என்று இதைத் தொகுத்தேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன்.

ஒரு சிக்னலை வாங்கி இன்னொன்றைத் தரும் எதுவும் இங்கே சிஸ்டம்தான்; அதற்குள் போகும் சிக்னலை எக்ஸ் என்றும் வெளியே வருவதை ஒய் என்றும் எழுதுகிறேன். தொடர் நேரத்துக்கு டி, வளைவு அடைப்புக்குள். விட்டு விட்டு அளந்தெடுக்கும் மாதிரிகள், அதாவது சாம்பிள்கள், என்றால் அவற்றின் வரிசை எண்ணுக்கு என், சதுர அடைப்புக்குள். இது போதும், ஆரம்பிக்கலாம்.

1. காஸல்னா என்னன்னு ஒரே வரியில சொல்லுங்க, புத்தகத்துல படிச்சா தலை சுத்துது.

இந்த நொடி வெளியீட்டைச் சொல்வதற்கு, இன்னும் வந்து சேராத உள்ளீடு தேவைப்படக் கூடாது. இந்த நொடி வரை வந்ததை வைத்தே சொல்லிவிட முடிந்தால் அது காஸல். அடுத்த நொடி என்ன வரும் என்று தெரிந்தால்தான் சொல்ல முடியும் என்றால் காஸல் இல்லை.

இதையே கொஞ்சம் இறுக்கமாகச் சொல்கிறேன், பின்னால் பல இடத்தில் இதுதான் கைகொடுக்கும். இரண்டு உள்ளீடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு குறிப்பிட்ட நேரம் வரை இரண்டும் ஒன்றே, அதற்கப்புறம் எப்படி வேண்டுமானாலும் பிரிந்து போகட்டும். சிஸ்டம் காஸல் என்றால் அந்த நேரம் வரை இரண்டின் வெளியீடுகளும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். எந்த ஜோடியை எடுத்தாலும், எந்த நேரத்தை எடுத்தாலும் இது நிற்க வேண்டும். இதை "இரட்டை உள்ளீட்டுச் சோதனை" என்று வைத்துக்கொள்கிறேன்.

2. இப்போ வர்ற உள்ளீட்டையும் சேர்த்துக்கலாமா, இல்ல கண்டிப்பா பழசு மட்டும்தானா?

சேர்த்துக்கொள்ளலாம். ஒய்(டி) = 5 எக்ஸ்(டி) காஸல்தான். அந்தக் கணத்து உள்ளீட்டை மட்டும் பார்க்கும், நினைவே இல்லாத எந்த சிஸ்டமும் தானாகவே காஸல் ஆகிவிடும், தனியாகச் சோதிக்க வேண்டியதில்லை. மறுபக்கம் அப்படி இல்லை: ஒய்(டி) = எக்ஸ்(டி − 3) காஸல், ஆனால் 3 நொடி பழையதை நினைவில் வைத்திருக்கிறது.

3. அடைப்புக்குள்ள பிளஸ் இருந்தா காஸல் இல்ல, மைனஸ் இருந்தா காஸல். இந்த ஷார்ட்கட் போதும்தானே?

போதாது. அதிகம் பேர் மார்க் விடுவது இந்த ஷார்ட்கட்டில்தான், அதனால் இங்கே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

முதலில் ஒய்(டி) = எக்ஸ்(டி) × காஸ்(டி + 1). பிளஸ் இருக்கிறதே என்று காஸல் இல்லை என எழுதிவிடுகிறார்கள். அந்த டி + 1 உட்கார்ந்திருப்பது காஸ் சார்புக்குள், உள்ளீட்டுக்குள் இல்லை. காஸ் சார்பின் நாளைய மதிப்பு நமக்கு இன்றைக்கே தெரியும், அது யாரும் வந்து தர வேண்டியதில்லை. உள்ளீட்டில் தேவைப்படுவது எக்ஸ்(டி) மட்டும், எனவே காஸல். அதே மாதிரி ஒய்(டி) = எக்ஸ்(டி − 2) + 3 என்பதும் காஸல்; அந்த 3 ஒரு நிலையான எண், அவ்வளவே.

இப்போது மறுபக்கம். ஒய்(டி) = எக்ஸ்(−டி). மைனஸ் இருக்கிறது, ஆனால் டி = −5 போட்டால் ஒய்(−5) = எக்ஸ்(5). பத்து நொடி கழித்து வரப்போவது இப்போதே வேண்டும், காஸல் இல்லை. ஒய்(டி) = எக்ஸ்(2டி) பார்த்தால், டி = 1 இல் எக்ஸ்(2) வேண்டும், இதுவும் இல்லை. பிளஸும் இல்லாமல் மைனஸும் இல்லாமல் வரும் ஒய்(டி) = எக்ஸ்(சைன் டி) என்ன? டி = −3.14 அருகில் சைன் பூஜ்யம், அதாவது −3.14 ஆம் நொடியில் எக்ஸ்(0) வேண்டும். அது மூன்று நொடிக்கு மேல் கழித்து வருவது, காஸல் இல்லை.

குறியைப் பார்க்காதீர்கள். எக்ஸுக்கு அடுத்த அடைப்புக்குள் இருப்பதை மட்டும் எடுத்து, அது எந்த டிக்கும் டியைவிடப் பெரிதாகாமல் இருக்கிறதா என்று கேளுங்கள். ஒரே ஒரு டியில் பெரிதாகிவிட்டாலும் காஸல் இல்லை. கிடைத்த அந்த ஒரு எண்ணையே விடைத்தாளில் காரணமாக எழுதலாம்.

4. எக்ஸ்(டி/2) காஸல்தானே? பாதி நேரம்னா பழசுதானே வரும்?

டி = 4 என்றால் எக்ஸ்(2), பழசு, சரி. டி = −4 என்றால் எக்ஸ்(−2). −2 என்பது −4க்கு அப்புறம் வருவது, அதாவது எதிர்காலம். எனவே காஸல் இல்லை.

நேரத்தைப் பூஜ்யத்திலிருந்து எண்ணிப் பழகியதால் வரும் தடுமாற்றம் இது. பூஜ்யம் என்பது நாம் வைத்த அடையாளம், அதற்கு முன்னாலும் நேரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. கேள்வியில் "டி பூஜ்யத்துக்கு மேல் மட்டும்" என்று வெளிப்படையாகக் கொடுத்திருந்தால் ஒழிய எதிர்மறை டியையும் கட்டாயம் போட்டுப் பாருங்கள். நான் எப்போதும் மூன்று எண்களைப் போட்டுப் பார்ப்பேன்: ஒரு மிகை எண், ஒரு குறை எண், ஒரு பின்னம். பெரும்பாலான பொறிகள் இந்த மூன்றில் ஒன்றில் சிக்கிவிடும்.

5. இன்டக்ரல் வந்தா எப்படிப் பார்க்கிறது?

எல்லைகளைப் பாருங்கள். மைனஸ் முடிவிலியிலிருந்து டி வரை தொகுத்தால் காஸல். டி − 1 முதல் டி + 1 வரை என்றால் இல்லை. மேல் எல்லை 2டி என்றால், டி = 1 போட்டாலே 2 வரை தேவைப்படுகிறது, இல்லை.

ஒரு நுணுக்கமான இடம்: பூஜ்யத்திலிருந்து டி வரை தொகுப்பது. பார்த்தால் அப்பாவியாக இருக்கும். டி = −3 என்றால் −3க்கும் 0க்கும் நடுவில் உள்ள உள்ளீடு வேண்டும், அது முழுக்க −3க்குப் பிறகு வருவது. மேலே 4 இல் சொன்ன அதே காரணத்தால் இது காஸல் இல்லை.

6. ஒய்[என் − 1] = எக்ஸ்[என்] காஸல். உள்ளீடு சாதாரணமா இருக்கு, வெளியீட்டுலதான் மைனஸ் இருக்கு. சரியா?

தப்பு. சமன்பாட்டை "ஒய்[என்] = ..." என்ற வடிவத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் பேச வேண்டும். இங்கே என்னை ஒன்று கூட்டினால் ஒய்[என்] = எக்ஸ்[என் + 1]. காஸல் இல்லை. ஒய்[என் + 1] = எக்ஸ்[என்] என்று கொடுத்தால், அது ஒய்[என்] = எக்ஸ்[என் − 1], அழகாகக் காஸல்.

7. உள்ளீடு ஜீரோவா இருக்கிற வரைக்கும் வெளியீடும் ஜீரோன்னா காஸல்னு சார் சொன்னார். அதை எல்லாத்துக்கும் போடலாமா?

நேரியல் சிஸ்டத்துக்கு, அதாவது லீனியராக இருந்தால் (உள்ளீடுகளைக் கூட்டினாலோ ஒரு எண்ணால் பெருக்கினாலோ வெளியீடும் அப்படியே கூடினால், பெருகினால்), தாராளமாகப் போடலாம். இரண்டு உள்ளீடுகளின் வித்தியாசத்தை எடுத்தால் முதல் பதிலில் சொன்ன இரட்டை உள்ளீட்டுச் சோதனை இதுவாகவே சுருங்கிவிடும். உங்கள் ஆசிரியர் சொன்னது அந்தச் சூழலில்தான் இருக்கும்.

லீனியர் இல்லாவிட்டால் இரண்டு பக்கமும் உடையும். ஒய்[என்] = எக்ஸ்[என்] + 1: உள்ளீடு பூஜ்யமாக இருக்கும்போதும் வெளியீடு 1, ஆனாலும் காஸல். அடுத்து ஒய்[என்] = எக்ஸ்[என்] × எக்ஸ்[என் + 1]: எக்ஸ்[என்] பூஜ்யமாக இருக்கும் வரை பெருக்கலும் பூஜ்யம், ஆகச் சோதனையில் தேறிவிடுகிறது, ஆனால் அடுத்த மாதிரியைப் பார்க்காமல் இதைக் கணக்கிடவே முடியாது. சந்தேகம் வந்தால் இரட்டை உள்ளீட்டுச் சோதனைக்கே திரும்புங்கள், அது எல்லா வகைக்கும் பொருந்தும்.

8. காஸல் சிக்னல்னு வேற ஒண்ணு சொல்றாங்களே, சிக்னலுக்கு என்ன காரணம் விளைவு?

சிக்னலுக்கு அப்படி எதுவும் இல்லை. பூஜ்ய நேரத்துக்கு முன் பூஜ்யமாக இருக்கும் சிக்னலைக் காஸல் சிக்னல் என்று அழைப்பது வழக்கம், காஸல் சிஸ்டத்தின் இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் (பூஜ்ய நேரத்தில் ஒரே கணத் துடிப்பைக் கொடுத்தால் வரும் வெளியீடு) அப்படி இருக்கும் என்பதால் வந்த பெயர். உள்ளீடு காஸல் சிக்னலாக இருந்தால் சிஸ்டமும் காஸலாகிவிடும் என்று சிலர் முடிச்சுப் போடுகிறார்கள். இரண்டுக்கும் தொடர்பு இல்லை. காஸல் என்பது உள்ளே போவதற்கும் வெளியே வருவதற்கும் இடையிலான விதியின் குணம்.

9. இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் பார்த்து ஜீரோவுக்கு முன்னாடி ஜீரோவான்னு செக் பண்ணிட்டா முடிஞ்சதா?

நேரியலாகவும் காலத்தால் மாறாததாகவும் இருக்கும் எல்.டி.ஐ. சிஸ்டத்துக்கு அவ்வளவுதான், முடிந்தது. பூஜ்யத்துக்கு முன் முழுக்கப் பூஜ்யம் என்றால் காஸல், எங்காவது ஒரு துளி இருந்தால் இல்லை.

எல்.டி.ஐ. இல்லாவிட்டால் இந்தச் சோதனை ஏமாற்றும். மேலே பார்த்த ஒய்(டி) = எக்ஸ்(−டி)யை எடுங்கள். பூஜ்யத்தில் ஒரு இம்பல்ஸ் கொடுத்தால் அதைத் திருப்பிப் போட்டாலும் பூஜ்யத்திலேயே நிற்கும், முன்னால் எதுவும் வராது. பார்த்தால் காஸல் மாதிரி இருக்கும், ஆனால் இல்லை என்று 3 இல் பார்த்துவிட்டோம். இது நேரியல்தான், காலத்தால் மாறுகிறது. இப்படிப்பட்டவற்றுக்கு ஒவ்வொரு நேரத்திலும் தனித்தனியாக இம்பல்ஸ் கொடுத்து, கொடுத்த நேரத்துக்கு முன்னால் எதுவும் எட்டிப் பார்க்கிறதா என்று பார்க்க வேண்டும்.

10. இசட் டிரான்ஸ்ஃபார்ம் மட்டும் கொடுத்து காஸலான்னு கேக்கிறாங்க. எப்படி?

இசட் டிரான்ஸ்ஃபார்ம் என்பது இம்பல்ஸ் ரெஸ்பான்ஸின் மாதிரிகளை இசட் என்ற மாறியின் அடுக்குகளால் பெருக்கிக் கூட்டிய கோவை. வெறும் கோவையை வைத்துச் சொல்லவே முடியாது, ஆர்.ஓ.சி. என்று சொல்லும் ஒருங்கும் பகுதியும் (அந்தக் கூட்டல் முடிவுள்ள மதிப்புக்கு வரும் இசட் மதிப்புகள்) சேர்ந்தால்தான் கேள்வி முழுமை. விதி இது: ஒருங்கும் பகுதி, எல்லாவற்றையும்விட வெளியே இருக்கும் துருவத்துக்கும் (கோவை முடிவிலியாகும் இசட் மதிப்பு) வெளியே விரிந்து, முடிவிலியையும் சேர்த்துக்கொண்டால் காஸல். முடிவிலியைச் சேர்ப்பது என்றால், விகிதமுறு கோவையில் இசட்டின் அடுக்காக எழுதும்போது மேலே உள்ள தொகுதியின் படி கீழே உள்ள பகுதியின் படியைத் தாண்டக் கூடாது.

கையில் வைத்துப் பார்க்க 1/(1 − 2இசட்⁻¹) நல்லது. துருவம் 2 இல் இருக்கிறது. ஒருங்கும் பகுதியை ஆரம் 2 உள்ள வட்டத்துக்கு வெளியே எடுத்தால் இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் 1, 2, 4, 8 என்று முன்னோக்கி வளரும்: காஸல், ஆனால் நிலையற்றது, அதாவது அளவான உள்ளீட்டுக்கும் வெளியீடு எல்லையில்லாமல் வளரலாம். அதே வட்டத்துக்கு உள்ளே எடுத்தால் −1 இல் −1/2, −2 இல் −1/4, −3 இல் −1/8 என்று பின்னோக்கித் தேயும்: நிலையானது, ஆனால் எதிர்காலத்தை மட்டுமே பார்க்கிறது. கோவை ஒன்றுதான், சிஸ்டம் இரண்டு. இந்த உதாரணத்தில் காஸலும் நிலையும் சேர்ந்து கிடைக்காது, துருவம் அலகு வட்டத்துக்கு (ஆரம் 1) வெளியே இருப்பதால் ஒன்றை விட்டுத்தான் ஒன்று.

11. அப்போ ஒய்[என்] = 2 ஒய்[என் − 1] + எக்ஸ்[என்]னு சமன்பாடே கொடுத்தா? அதுல எதிர்காலமே இல்லையே, காஸல்னு எழுதிடலாமா?

10 இல் பார்த்த அதே ஆள்தான் வேறு சட்டையில் வந்திருக்கிறார். இதையே ஒய்[என் − 1] = (ஒய்[என்] − எக்ஸ்[என்])/2 என்று திருப்பி எழுதி, எதிர்காலத்திலிருந்து பின்னோக்கி ஓட்டினாலும் சமன்பாடு மீறப்படவில்லை. சமன்பாடு ஒரு உறவைச் சொல்கிறது, எந்தப் பக்கமிருந்து ஓட்டுவது என்று சொல்வதில்லை.

அதைத் தீர்மானிப்பது துணை நிபந்தனை. "உள்ளீடு தொடங்கும் வரை சிஸ்டம் ஓய்வில் இருக்கிறது" என்று கொடுத்திருந்தால் முன்னோக்கித்தான் ஓட வேண்டும், காஸல். புரோகிராமில் எழுதும்போது லூப் முன்னோக்கி ஓடுவதால் அந்த நிபந்தனை சொல்லாமலேயே வந்துவிடுகிறது, அதனால்தான் பலருக்கு இது கண்ணில் படுவதில்லை. தேர்வில் எழுதும்போது "ஓய்வு நிலையிலிருந்து தொடங்குவதாகக் கொண்டால்" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

12. லாப்லாஸ்ல வலது பக்கத் தளம்னா காஸல்தானே? அதுவும் ஏமாத்துமா?

லாப்லாஸ் என்பது தொடர் நேரத்தில் இசட் டிரான்ஸ்ஃபார்மின் இடத்தில் நிற்பது, அதன் மாறி எஸ். விகிதமுறு கோவையாக இருந்தால் ஏமாற்றாது: ஒருங்கும் பகுதி வலக்கோடித் துருவத்துக்கு வலப்பக்கம் என்றால் காஸல். அடுக்குக் காரணி ஒட்டிக்கொண்டிருந்தால் கவனம். 1/(எஸ் + 1) உடன் ஈயின் அடுக்கு எஸ் பெருக்கப்பட்டிருந்தால், ஒருங்கும் பகுதி அதே வலது பக்கம்தான், ஆனால் அந்தக் காரணி முழு ரெஸ்பான்ஸையும் ஒரு நொடி முன்னால் இழுத்துவிடும். −1 ஆம் நொடியிலேயே தொடங்கிவிடுகிறது, காஸல் இல்லை.

13. சிக்னலின் சாய்வைத் தரும் டிஃபரன்ஷியேட்டர் காஸலா? ஒரு சார் ஆமாங்கிறார், இன்னொருத்தர் இல்லைங்கிறார்.

இருவரும் எதை மனதில் வைத்துச் சொல்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. சாய்வுக்கான எல்லையை இரு பக்கமிருந்தும் எடுக்கிறோமே, வலப்பக்கம் எதிர்காலம் ஆயிற்றே என்பது ஒருவர் வாதம். ஆனால் சிக்னல் அந்த இடத்தில் வகையிடத்தக்கது என்றால் இடப்பக்கச் சாய்வும் வலப்பக்கச் சாய்வும் ஒன்றே, இடப்பக்கத்தை வைத்தே விடை சொல்லிவிடலாம். வகையிடத்தக்க இரண்டு சிக்னல்கள் ஒரு நேரம் வரை ஒன்றாக இருந்தால் அந்த நேரம் வரை அவற்றின் சாய்வுகளும் ஒன்றே, ஆக இரட்டை உள்ளீட்டுச் சோதனையில் தேறுகிறது. நான் காஸல் என்றுதான் எழுதுவேன், காரணத்தோடு.

மாதிரி உலகத்தில் இந்தக் குழப்பமே இல்லை. எக்ஸ்[என்] − எக்ஸ்[என் − 1] காஸல், எக்ஸ்[என் + 1] − எக்ஸ்[என்] இல்லை. எஸ்ஸால் பெருக்குவதும் இசட்டால் பெருக்குவதும் ஒன்று என்று நினைத்து ஒன்றின் விதியை இன்னொன்றுக்குப் போடாதீர்கள். இசட் என்பது ஒரு மாதிரி முன்னே தாவுவது, எஸ் என்பது சாய்வு.

14. ஐடியல் லோ பாஸ் ஃபில்டரை ஏன் செய்ய முடியாதுன்னு சொல்றாங்க? நல்ல சிப் வாங்கினா கூடவா?

எந்தச் சிப்பும் உதவாது. குறிப்பிட்ட அதிர்வெண் வரை அப்படியே விட்டு, அதற்கு மேல் சுத்தமாகப் பூஜ்யம் என்று வெட்டினால் அதன் இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ், சைனை அதன் கோணத்தால் வகுத்தால் வரும் சிங்க் வடிவம். அது பூஜ்யத்தின் இரு பக்கமும் முடிவே இல்லாமல் அலை அலையாக நீள்கிறது. இம்பல்ஸ் வருவதற்கு எத்தனையோ காலம் முன்பே ஃபில்டர் ஆடத் தொடங்கியிருக்க வேண்டும்.

இதன் அடியில் ஒரு ஆழமான முடிவு இருக்கிறது: பேலி–வீனர் நிபந்தனை. கணிதவியலாளர்கள் ரேமண்ட் பேலி, நார்பர்ட் வீனர் இருவரும் சேர்ந்து செய்த வேலை, 1934இல் புத்தகமாக வந்தது. அதைப் பார்க்க பேலி இல்லை, 1933இல் கனடாவில் பனிச்சறுக்கின்போது பனிச்சரிவில் சிக்கி 26 வயதில் இறந்துபோனார். அந்த நிபந்தனை நமக்குச் சொல்வது: காஸல் ஃபில்டரின் வீச்சு (ஒவ்வொரு அதிர்வெண்ணையும் எவ்வளவு விடுகிறது என்பது) ஒரு தனிப் புள்ளியில் பூஜ்யத்தைத் தொடலாம், ஆனால் ஒரு பட்டை முழுக்கப் பூஜ்யமாக இருக்க முடியாது. மணி போன்ற காஸியன் வடிவ வீச்சுகூடத் தேறாது, அது அவ்வளவு வேகமாகத் தேய்கிறது.

இதையொட்டி இன்னொன்று. காஸல் சிஸ்டத்தின் அதிர்வெண் ரெஸ்பான்ஸில் மெய்ப்பகுதியும் கற்பனைப் பகுதியும் சுதந்திரமானவை இல்லை, ஒன்று தெரிந்தால் பொதுவாக மற்றது தீர்மானமாகிவிடும். இயற்பியலில் இதை கிராமர்ஸ்–குரோனிக் உறவு என்பார்கள், 1926, 1927 வாக்கில் ஒளி ஊடகங்களைப் பற்றிய ஆய்வில் வந்தது. "விளைவு காரணத்துக்கு முன் வராது" என்ற ஒரே ஒரு நிபந்தனை, கண்ணாடிக்குள் ஒளி எவ்வளவு உறிஞ்சப்படுகிறது, எவ்வளவு வளைகிறது என்ற இரண்டையும் கட்டிப் போடுகிறது. இந்தப் பாடத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

15. காஸல் இல்லாததைக் கொஞ்சம் டிலே பண்ணிட்டா காஸல் ஆயிடும்னு சொல்றாங்க. உண்மையா?

எவ்வளவு தூரம் எதிர்காலத்தைப் பார்க்கிறது என்பதற்கு ஒரு எல்லை இருந்தால் உண்மை. முன்னும் பின்னும் இரண்டிரண்டு மாதிரிகளைச் சேர்த்து ஐந்தின் சராசரி எடுக்கிறோம் என்று வையுங்கள். 2, 4, 9, 5, 5 என்று வருகிறது. நடுவில் உள்ள 9க்குப் பதில் 5 என்று எழுத வேண்டும், ஆனால் 9 வந்த நொடியில் அதற்குப் பின்னால் வரும் இரண்டு 5களும் கையில் இல்லை. இரண்டு மாதிரி காத்திருந்தால் ஐந்தும் வந்துவிடும், விடையைத் தாமதமாகச் சொல்லலாம். விடை அதே 5தான், இரண்டு மாதிரி பிந்தி வருகிறது. கண்டிப்பாகச் சொன்னால் பழைய சிஸ்டம் காஸல் ஆகவில்லை, தாமதம் சேர்த்த புது சிஸ்டம் காஸல்.

சிங்க் மாதிரி முடிவிலி வரை நீள்வதற்கு எவ்வளவு தாமதம் கொடுத்தாலும் போதாது. அதனால் ஒரு இடத்தில் வெட்டிவிடுகிறோம். 101 டாப் கொண்ட, அதாவது 101 மாதிரிகளை எடை போட்டுக் கூட்டும், சமச்சீர் ஃபில்டர் என்றால் 50 மாதிரி தாமதம். 44,100 ஹெர்ட்ஸ் ஆடியோவில் அது 1.13 மில்லி நொடி, பாட்டுக் கேட்பவருக்குத் தெரியவே தெரியாது. ஆடியோவில் லுக் அஹெட் லிமிட்டர் என்று ஒன்று உண்டு, திடீரென்று வரும் உரத்த சத்தத்தை முன்கூட்டியே தணிக்கும். அதற்கு ஜோசியம் தெரியாது, ஒலியைச் சில மில்லி நொடி பிடித்து வைத்துக்கொண்டு அந்த இடைவெளியில் பார்த்துவிடுகிறது. தொலைபேசி உரையாடலில் மட்டும் இந்தத் தாராளம் செல்லாது: ஒரு வழித் தாமதம் 150 மில்லி நொடிக்குள் இருப்பது நல்லது என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐ.டி.யு.வின் ஜி.114 பரிந்துரை, வழியில் உள்ள எல்லாத் தாமதமும் அதற்குள் அடங்க வேண்டும்.

16. நிஜத்துல செய்யவே முடியாததை எதுக்குப் படிக்கணும்?

நேரலையில்தான் செய்ய முடியாது. பதிவு செய்து வைத்த சிக்னலில் எதிர்காலம் என்பது ஃபைலில் அடுத்த வரி, தாராளமாகப் பார்க்கலாம். படங்களை எடுத்துக்கொண்டால் இடது, வலது என்பதில் முன், பின் என்ற பேச்சே இல்லை. ஒரு புள்ளியை மங்கலாக்க நாலா பக்கமும் பார்க்கிறோம், யாரும் காஸலா என்று கேட்பதில்லை.

ஈ.சி.ஜி.யில் இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். மூச்சு விடும்போது கோடு மேலும் கீழும் மிதக்கும், அதை நீக்க, மெதுவான ஆட்டங்களை வெட்டும் ஒரு ஹை பாஸ் ஃபில்டர் போடுவார்கள். சாதாரணக் காஸல் ஃபில்டர் வெவ்வேறு அதிர்வெண்களை வெவ்வேறு அளவு தள்ளுவதால், உயரமான ஆர் முனைக்கு அப்புறம் தட்டையாக ஓட வேண்டிய எஸ்.டி. பகுதி இறங்கியோ ஏறியோ தெரியலாம். டாக்டர் மாரடைப்பைத் தேடுவது அதே எஸ்.டி. பகுதியில். அதனால்தான் அமெரிக்க இதயச் சங்கத்தின் பரிந்துரையில் வழக்கமான ஃபில்டருக்குக் கீழ் எல்லை 0.05 ஹெர்ட்ஸ், கட்ட விலகலே இல்லாத, அதாவது அதிர்வெண்களை வெவ்வேறு அளவு தள்ளாத, டிஜிட்டல் ஃபில்டர் என்றால் 0.67 ஹெர்ட்ஸ் வரை போகலாம் என்று இருக்கிறது. கட்ட விலகலே இல்லை என்றால் பூஜ்யத்தின் இரு பக்கமும் சமச்சீர், அதாவது எதிர்காலத்தையும் பார்க்கிறது. பதிவிலோ, சற்றுத் தாமதத்தோடோதான் செய்ய முடியும்.

எதிர்மாறான ஊரும் உண்டு. நிலநடுக்கப் பதிவில் முதல் பி அலை எந்த நொடியில் வந்தது என்பதுதான் எல்லாம். அங்கே இரு பக்கச் சமச்சீர் ஃபில்டர் போட்டால் அலை வருவதற்கு முன்பே சின்னச் சின்ன ஆட்டங்கள் தெரியும், வந்த நேரத்தை முன்னதாகக் குறித்துவிடும் ஆபத்து. அங்கே காஸல் ஃபில்டரே நல்லது.

17. மேட்லாப்ல ஃபில்ட்ஃபில்ட் போட்டா அருமையா வருது, போர்டுல ஏத்தினா வரமாட்டேங்குது. ஏன்?

ஃபில்ட்ஃபில்ட் என்பது மேட்லாப் மென்பொருளின் ஒரு ஃபில்டர் கட்டளை, சிக்னலை ஒருமுறை முன்னோக்கியும் ஒருமுறை பின்னோக்கியும் ஓட்டுகிறது. பின்னோக்கி ஓட்டக் கடைசி மாதிரி கையில் இருக்க வேண்டும். நேரலையில் ஓடும் எலக்ட்ரானிக் போர்டில் மாதிரிகள் ஒவ்வொன்றாக வருகின்றன, கடைசி என்பதே கிடையாது.

எனக்குத் தெரிந்த ஒரு மாணவி இறுதியாண்டுப் ப்ராஜெக்ட்டில் இதில் மூன்று வாரம் தொலைத்தாள். 500 ஹெர்ட்ஸில் எடுத்த இதயத் துடிப்புப் பதிவு, கம்ப்யூட்டரில் ஆர் முனைகள் மூலச் சிக்னலோடு அச்சாகப் பொருந்தின. போர்டில் ஒவ்வொரு முனையும் 12 மாதிரி, அதாவது 24 மில்லி நொடி தள்ளி நின்றது. வயரை மாற்றினாள், சென்சாரை மாற்றினாள், கடிகார அமைப்பை மாற்றினாள். கடைசியில் இரண்டு வரைபடங்களையும் பிரின்ட் எடுத்து ஒன்றன் மேல் ஒன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தபோதுதான் எல்லா முனையும் ஒரே அளவு தள்ளியிருப்பது தெரிந்தது. கோளாறே இல்லை, காஸல் ஃபில்டர் செய்ய வேண்டியதைச் செய்திருக்கிறது. கம்ப்யூட்டரில் சோதிக்கும்போதே ஒருமுறை மட்டும் ஓட்டும் ஃபில்டரைப் போட்டுப் பாருங்கள்.

18. நான் ஃபில்டரே போடல, சராசரியைக் கழிச்சு நார்மலைஸ் மட்டும்தான் பண்ணினேன். அதுலயுமா?

அதிலும்தான். முழுப் பதிவின் சராசரியைக் கழித்தால் முதல் மாதிரியின் வெளியீடே கடைசி மாதிரியைப் பொறுத்து மாறுகிறது. பெரிய எண்ணால் வகுத்து 0க்கும் 1க்கும் நடுவில் கொண்டுவருவதும் அப்படியே. பங்கு விலையையோ மின் தேவையையோ கணிக்கும் மாடல் செய்பவர்கள் இதில் அடிக்கடி மாட்டுகிறார்கள்: பழைய தரவில் பிரமாதமாக வேலை செய்யும், நேரலையில் படுத்துவிடும், காரணம் பயிற்சியின்போது நாளைய தகவல் சராசரி வழியாக உள்ளே கசிந்திருக்கும். நடு வைத்த நகரும் சராசரியும் இதே கசிவுதான், 15 இல் பார்த்த ஐந்து மாதிரிக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள்.

19. என் கோட் காஸலான்னு ஓட்டிப் பார்த்தே கண்டுபிடிக்க முடியுமா?

இரட்டை உள்ளீட்டுச் சோதனையை அப்படியே கோடாக எழுதுங்கள். 1,000 ரேண்டம் எண்கள் எடுங்கள். அதன் நகலில் 600க்கு அப்புறம் உள்ளவற்றை வேறு எண்களாக மாற்றுங்கள். இரண்டையும் கோடுக்குள் அனுப்பி, 600 வரை வெளியீடுகளை ஒப்பிடுங்கள். வித்தியாசம் வந்தால் காஸல் இல்லை, முதல் வித்தியாசம் எந்த எண்ணில் வருகிறது என்பதிலிருந்து எவ்வளவு தூரம் எட்டிப் பார்க்கிறது என்றும் ஊகிக்கலாம். வித்தியாசம் வராவிட்டால் "இந்த ஜோடியில் பிடிபடவில்லை" என்றுதான் பொருள்; வெட்டும் இடத்தை மாற்றி மாற்றிப் பல தடவை ஓட்டுங்கள், அப்போதும் அது நிரூபணம் ஆகாது.

எஃப்.எஃப்.டி. (வேகமான ஃபூரியர் உருமாற்றம்) வழியாகக் கன்வல்யூஷன், அதாவது உள்ளீட்டையும் இம்பல்ஸ் ரெஸ்பான்ஸையும் சேர்த்து வெளியீட்டைக் கணக்கிடுவது, செய்தால் இரண்டு விஷயம் பயமுறுத்தும். ஒன்று, பூஜ்யங்களை ஒட்டாமல் செய்தால் வால் சுற்றி வந்து தலையில் விழும், கடைசி மாதிரிகள் ஆரம்ப வெளியீட்டைக் கெடுக்கும். இது உண்மையான தவறு. இன்னொன்று, பத்து லட்சம் கோடியில் ஒரு பங்கு அளவில் சின்ன வித்தியாசம் எல்லா இடத்திலும் தெரியும். அது கணக்கின் ரவுண்டிங் பிழை, விட்டுவிடலாம்.

20. காஸல் சிஸ்டத்தோட இன்வர்ஸும் காஸல்தானே?

அவசியமில்லை. இன்வர்ஸ் என்பது வெளியீட்டிலிருந்து மூல உள்ளீட்டைத் திரும்பத் தரும் சிஸ்டம். ஒரு மாதிரி தாமதப்படுத்துவதன் இன்வர்ஸ் ஒரு மாதிரி முன்னே போவது. சங்கிலியாகச் சேர்ப்பதிலும் இதே மாதிரி: காஸல் இரண்டைத் தொடராக இணைத்தால் காஸல் நிச்சயம், ஆனால் மொத்தம் காஸல் என்பதால் உள்ளே உள்ளவை காஸல் என்று சொல்ல முடியாது. ஒன்று முன்னே போய், அடுத்தது இரண்டு பின்னே வந்தால் மொத்தம் ஒரு மாதிரித் தாமதம்தான்.

நடைமுறையில் வரும் கேஸ்: சிக்னல் கடந்து வரும் வழியான சேனல் ஒய்[என்] = எக்ஸ்[என்] + 2 எக்ஸ்[என் − 1], அதாவது எதிரொலி மூலத்தைவிட உரக்க வருகிறது. இதை நீக்கும் இன்வர்ஸின் துருவம் −2 இல். 10 இல் பார்த்த அதே நிலைமை: காஸலாகச் செய்தால் வெடிக்கும், நிலையாகச் செய்தால் எதிர்காலம் வேண்டும். ஆனால் எதிர்காலத்தின் பங்கு ஒவ்வொரு அடிக்கும் பாதியாகக் குறைவதால், பத்து மாதிரி தாமதித்து மிச்சத்தை வெட்டினால் விடுபடும் பிழை, உள்ளீட்டின் உச்ச அளவில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் நிற்கும். சேனல் செய்த கெடுதலைச் சரிசெய்யும் ஈக்வலைசர்களில் தாமதம் வைப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

21. நாளைக்கு என்ன நடக்கும்னு சொல்ற சிஸ்டம் காஸல் இல்லைதானே? எதிர்காலத்தைத்தானே சொல்லுது!

காஸல்தான். வெளியீடு எதைப் *பற்றியது* என்பது கேள்வி இல்லை, எதை *வைத்து* வந்தது என்பதுதான் கேள்வி. நாளைய மழையைக் கணிப்பவர் இன்று வரை வந்த அளவுகளை வைத்துத்தான் கணிக்கிறார், நாளைய மழைமானியைப் பார்ப்பதில்லை. ஒய்[என்] = 2 எக்ஸ்[என்] − எக்ஸ்[என் − 1] என்பது நேர்கோட்டில் நீட்டி அடுத்த மாதிரியை ஊகிக்கும் சின்னக் கணிப்பான்; உள்ளீட்டைப் பாருங்கள், பழசும் இப்போதையதும் மட்டும்தான். ஊகம் தப்பலாம். எக்ஸ்[என் + 1] என்று எழுதினால் ஒருபோதும் தப்பாது.

14 இல் வந்த அதே வீனர் இரண்டாம் உலகப் போரின்போது விமான எதிர்ப்புத் துப்பாக்கிக்காக இந்தக் கேள்வியோடு உட்கார்ந்தார்: விமானத்தின் இதுவரையான பாதை மட்டும் கையில், குண்டு போய்ச் சேரும்போது அது எங்கே இருக்கும்? எதிர்காலத்தைப் பார்க்கலாம் என்று விட்டால் ஃபில்டரை ஒரே வகுத்தலில் எழுதிவிடலாம். காஸலாகத்தான் இருக்க வேண்டும் என்றதும் கணக்கு கடினமாகிறது, சிக்னலின் நிறமாலையை (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஆற்றல் என்பதை) இரண்டு காரணிகளாகப் பிரித்து, எதிர்காலப் பக்கத்தை நறுக்கி எடுக்க வேண்டியிருக்கிறது. 1942இல் ரகசிய அறிக்கையாக வந்தது, 1949இல்தான் வெளியே கிடைத்தது. அதிலிருந்து வந்த, பிழையை மிகக் குறைக்கும் வீனர் ஃபில்டரை இன்றும் காஸல் வகை, காஸல் அல்லாத வகை என்று இரண்டாகவே படிக்கிறோம்; இந்தப் பக்கத்தில் உள்ளதை முடித்துவிட்டு அடுத்து எங்கே போவது என்று கேட்பவர்களுக்கு நான் காட்டுவது அந்த இரண்டு வகைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தருவித்துப் பார்ப்பதைத்தான்.